குண்டு வேண்டாம், கோப்பு போதும்

கடத்தல் பணத்தை வங்கியில் வெளுப்பவரா நீங்கள்? அல்லது ஒப்பந்தத்துக்குப் பத்து சதவீதம் என்று கறாராக வசூலிப்பவரா? எப்படியும் ஒரு நாள் உங்கள் பிழைப்பில் மண்ணைப் போட ஓர் அரசு வழக்கறிஞர் வந்து சேருவார். கை நீட்ட மாட்டார், மிரட்டினால் மசிய மாட்டார், ஞாயிற்றுக்கிழமையும் கோப்பு படிப்பார். இந்த ஆளை என்ன செய்வது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம். இத்தாலியின் மாஃபியாக்காரர்களும் அரசியல்வாதிகளும் எல்லா வழிகளையும் பரீட்சித்துப் பார்த்துவிட்டார்கள். செலவு அவர்களுடையது, பாடம் உங்களுக்கு இலவசம். ஒரே ஒரு குறிப்பு: இந்தக் கதைகள் நடந்த காலத்தில் அங்கே நீதிபதியும் அரசு வழக்கறிஞரும் ஒரே பணித்தொகுதி. ஒரு நாள் விசாரணை நீதிபதியாக இருந்தவர் பிறகு அரசு வழக்கறிஞர் ஆக முடிந்தது. ஆகவே இருவருக்கும் ஒரே வைத்தியம்தான்.

பாடம் 1: எடுத்தவுடன் சுடாதீர்கள்

இது கற்றுக்குட்டிகள் செய்யும் தவறு. மாஃபியாவில் உறுப்பினராக இருப்பதே குற்றம் என்று ஒரு மசோதா ரோமில் கிடப்பில் கிடந்தது. அதற்காகப் பாடுபட்ட கம்யூனிஸ்ட் தலைவர் பியோ லா தோர்ரேயை 1982 ஏப்ரல் 30 அன்று சிசிலியின் பலேர்மோவில் கொன்றார்கள். அது போதாதென்று செப்டம்பர் 3 அன்று அதே நகரில், அரசு அனுப்பிய ஜெனரல் தல்லா கியேசாவையும் அவர் மனைவியையும் சுட்டார்கள். பத்தே நாளில் மசோதா சட்டமாகிவிட்டது. தூங்கிக் கிடந்த காகிதத்தைத் தட்டி எழுப்பியது யார்? நீங்கள்தான்.

அடுத்த ஆண்டு ஜூலை 29 அன்று விசாரணை அலுவலகத் தலைவர் ரோக்கோ கின்னிச்சியை அவர் வீட்டு வாசலிலேயே கார் குண்டு வைத்துக் கொன்றார்கள். அந்த நாற்காலிக்கு ஃபிளாரன்ஸிலிருந்து அந்தோனினோ கப்போனெத்தோ வந்தார். வந்தவர் செய்த முதல் காரியம், எந்தக் கோப்பும் ஒருவர் கையில் மட்டும் இருக்கக் கூடாது என்று ஒரு குழு அமைத்தது. ஃபால்கோனே, போர்செல்லினோ, தி லெல்லோ, குவர்னோத்தா: நான்கு பேருக்கும் எல்லா வழக்கும் தெரியும். ஒருவர் தலையை எடுத்தாலும் மற்ற மூன்று தலைகளில் வழக்கு உயிரோடு இருக்கும். ஒரு கார் குண்டுக்கு இவ்வளவு பெரிய எதிர்ப்பலன் கிடைத்தது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

பாடம் 2: 'ஊர்ப் பொருளாதாரம் போச்சே' என்று அழுங்கள்

ஜொவான்னி ஃபால்கோனே துப்பாக்கியைத் தேடி அலையவில்லை, காசோலையைத் தேடினார். ஹெராயின் அமெரிக்காவுக்குப் போகிறது, டாலர் திரும்பி வருகிறது, அதை எங்காவது ஒரு கவுண்டரில் லீராவாக மாற்றியாக வேண்டும். மாற்றினால் ஒரு சீட்டு மிஞ்சும். அந்தச் சீட்டுகளைக் கொடு என்று வங்கி மேலாளர்களிடம் கேட்டார்.

இங்கே 'என் பணம்' என்று வாயைத் திறந்தீர்களோ, மாட்டிக்கொண்டீர்கள். 'முதலீடு', 'வேலைவாய்ப்பு' என்று பேசுங்கள். ஃபால்கோனே பலேர்மோவின் பொருளாதாரத்தையே கெடுக்கிறார், அவர் தலையில் சில்லறை வழக்குகளைக் கட்டுங்கள் என்று மூத்த நீதிபதி ஒருவரே தன்னிடம் சொன்னதாகக் கின்னிச்சி நாட்குறிப்பில் எழுதி வைத்திருந்தார். அந்த யோசனையைக் கவனியுங்கள். ஒருவரை வேலை செய்யவிடாமல் தடுக்க, அவருக்கு நிறைய வேலை கொடுத்தாலே போதும்.

பாடம் 3: சாப்பாட்டு பில்லை நீட்டுங்கள்

1985 கோடையில் பலேர்மோவின் இரண்டு காவல் அதிகாரிகள் அடுத்தடுத்துக் கொல்லப்பட்டார்கள். அடுத்த இலக்கு ஃபால்கோனேயும் போர்செல்லினோவும் என்று தகவல். இருவரையும் குடும்பத்தோடு அசினாரா என்ற சிறைத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். மாஃபியா மேல் தயாராகிவந்த பெரிய வழக்கின் குற்றப்பத்திரிகையில் ஒரு பகுதியை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள். முழுதாக முடிந்தபோது அது எட்டாயிரம் பக்கத்தைத் தாண்டியிருந்தது. பிறகு அரசு அவர்களுக்கு ஒரு கடிதம் அனுப்பியது. பாராட்டுக் கடிதம் இல்லை, தீவில் தங்கியதற்கும் சாப்பிட்டதற்குமான பில். இருவரும் மறுபேச்சில்லாமல் கட்டினார்கள்.

அந்தக் கணக்கர் மாஃபியாவின் ஆள் என்று யாரும் சொல்லவில்லை. விதிப்படிதான் பில் போட்டார். உங்களுக்கு வேண்டிய ஆள் அவர்தான், அதுவும் சம்பளம் கொடுக்காமலே கிடைக்கிறார்.

பாடம் 4: பணிமூப்பைப் போற்றுங்கள்

மேற்படி எட்டாயிரம் பக்கம் 1986 பிப்ரவரி 10 அன்று நீதிமன்றம் ஏறியது. பலேர்மோ சிறையை ஒட்டிப் புதிதாகக் கட்டிய கான்கிரீட் மண்டபத்தில் கூண்டு கூண்டாக ஏறத்தாழ 475 பேர் மேல் வழக்கு. பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட தொம்மாசோ புஷெத்தா அப்ரூவராகி, மாஃபியாவின் உள்கட்டமைப்பை ஏற்கெனவே ஃபால்கோனேயிடம் ஒப்பித்திருந்தார். 1987 டிசம்பர் 16 அன்று தீர்ப்பு வந்தது: 346 பேருக்குத் தண்டனை, அதில் 19 பேருக்கு ஆயுள்.

இனி இந்த ஆளை யாராலும் தடுக்க முடியாது என்று ஊரே நினைத்தது. ஒரு மாதம்தான். கப்போனெத்தோ ஊர் திரும்பியதால் காலியான நாற்காலி யாருக்கு என்று 1988 ஜனவரி 19 அன்று நீதித்துறை உயர் மன்றம் வாக்கெடுத்தது. 14 வாக்கு அந்தோனினோ மேலிக்கு, 10 வாக்கு ஃபால்கோனேவுக்கு, ஐந்து பேர் நடுநிலை. காரணம், மேலி சீனியர். மாஃபியா வழக்குகளில் அவருக்குப் பெரிய பழக்கமில்லை என்பது விதிப் புத்தகத்தில் இடம்பெறாத விஷயம். புதிய தலைவர் கோப்புகளை எல்லோருக்கும் பங்கிட்டார். ஃபால்கோனேயின் மேசைக்கும் திருட்டு, வழிப்பறி வழக்குகள் வந்தன. கப்போனெத்தோவின் குழு பொடிப்பொடியானது. சிந்திய ரத்தம் துளிகூட இல்லை. நோகாமல் நுங்கு தின்பது என்றால் இதுதான்.

உப குறிப்பு: இதற்கு முன்னோட்டமாக ஒரு நல்ல மனிதர் பத்திரிகையில் எழுதினால் சிறப்பு. மாஃபியாவை எதிர்த்து நாவல்கள் எழுதிய சிசிலியின் பெரிய எழுத்தாளர் லெயோனார்தோ ஷாஷா, 1987 ஜனவரியில் மிலான் நாளிதழ் ஒன்றில் போர்செல்லினோவுக்குப் பணிமூப்பை மீறிப் பதவி கொடுத்ததைக் குத்திக் காட்டினார். நீங்கள் எழுதியிருந்தால் யார் மதிப்பார்கள்? மனதார நம்பி எழுதும் யோக்கியர் உங்களுடைய ஆயிரம் அடியாட்களுக்குச் சமம்.

பாடம் 5: வெடிக்காத குண்டையும் வீணாக்காதீர்கள்

1989 ஜூனில் ஃபால்கோனே கோடைக்கு எடுத்திருந்த கடலோர வீட்டின் பாறைகளில் ஒரு பை கிடந்தது. உள்ளே 58 வெடிமருந்துக் குச்சிகள். வெடிக்கவில்லை. 'பேர் வாங்கத் தானே வைத்துக்கொண்டார்' என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. வெடித்திருந்தால் தியாகி, வெடிக்காததால் நாடகக்காரர். செத்தால்தான் யோக்கியன் என்று நிரூபணமாகும் நிலைக்கு ஒரு மனிதரைத் தள்ளிவிட்டால், அப்புறம் அவர் பக்கத்தில் நிற்க எல்லோரும் தயங்குவார்கள்.

பாடம் 6: காலண்டரை நம்புங்கள்

வாய்தா வாங்குங்கள், மேல்முறையீடு போடுங்கள். இத்தாலியில் குற்றங்களுக்குக் காலாவதி உண்டு. ஏழு முறை பிரதமராக இருந்த ஜூலியோ அந்த்ரேயோத்தி வழக்கைப் பாருங்கள். 1980 வசந்தகாலம் வரை அவருக்கு மாஃபியாவோடு தொடர்பு இருந்தது, ஆனால் அந்தக் குற்றம் காலாவதியாகிவிட்டது. அதற்குப் பிந்தையதற்கு விடுதலை என்று 2003இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஊருக்குப் படித்துக் காட்டும்போது கடைசி வார்த்தையை மட்டும் படியுங்கள்.

பாடம் 7: சட்டத்தைத் திருத்துங்கள், ஆனால் கால்பந்தை நம்பாதீர்கள்

1992 பிப்ரவரி 17 அன்று மிலானில் ஒரு முதியோர் இல்லத்தின் தலைவர் மாரியோ கியேசா, துப்புரவு ஒப்பந்தக்காரரிடம் 70 லட்சம் லீரா வாங்கும்போது பிடிபட்டார். கொண்டுவந்த நோட்டுகளில் அரசு வழக்கறிஞர் அந்தோனியோ தி பியெத்ரோ ஏற்கெனவே அடையாளம் போட்டு அனுப்பியிருந்தார். கியேசாவின் கட்சித் தலைவரும் முன்னாள் பிரதமருமான பெத்தினோ க்ராக்ஸி, 'அவன் ஒரு போக்கிரி' என்ற பாணியில் கைகழுவினார். சிறையில் அதைக் கேட்ட கியேசா வாய் திறந்தார். கட்சிகள் சீட்டுக்கட்டாகச் சரிந்தன. அடுத்த ஆண்டு ரோமில் விடுதி வாசலில் ஜனங்கள் க்ராக்ஸி மேல் சில்லறைக் காசு வீசினார்கள். பிடிபட்ட சொந்த ஆளைத் திட்டாதீர்கள். ஜாமீனுக்கு வழி பாருங்கள்.

1994 ஜூலை 13 அன்று, லஞ்ச வழக்குகளில் விசாரணைக் காவலை ஒடுக்கும் அவசரச் சட்டம் வந்தது. அன்று உலகக்கோப்பை அரையிறுதியில் இத்தாலி விளையாடியது. நேரம் பார்த்தது அருமை. ஆனால் மிலான் அரசு வழக்கறிஞர்கள் தொலைக்காட்சிக் கேமரா முன் நின்று, எங்களை வேறு வேலைக்கு மாற்றிவிடுங்கள் என்றார்கள். ஊர் கொதித்தது. சட்டம் சில நாளில் வாபஸ். ஒரேயடியாக விழுங்காமல், வருடத்துக்கு ஒரு பிரிவு என்று மென்று தின்னுங்கள்.

பாடம் 8: ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு

1992 ஜனவரி 30 அன்று, பலேர்மோ தண்டனைகளை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. மாஃபியா தலைவர் தோத்தோ ரீனாவுக்குப் பொறுமை போயிற்று. மே 23 அன்று கபாச்சி அருகே நெடுஞ்சாலைக்கு அடியில் சுமார் 500 கிலோ வெடிமருந்து. ஃபால்கோனே, அவர் மனைவி, மூன்று காவலர்கள் இறந்தார்கள். 57 நாள் கழித்து, ஜூலை 19 அன்று தாயைப் பார்க்க வந்த போர்செல்லினோவும் ஐந்து காவலர்களும் இறந்தார்கள்.

பலன்? சிசிலியில் ராணுவம் இறங்கியது, மாஃபியா கைதிகளுக்குக் கடுமையான தனிமைச் சிறை வந்தது, அப்ரூவர்கள் வரிசை கட்டினார்கள். 1993 ஜனவரி 15 அன்று ரீனா பிடிபட்டார். 2017இல் கைதியாகவே செத்தார். பதினான்கு கைகள் உயர்ந்து சாதித்ததை 500 கிலோ மருந்து கெடுத்துவிட்டது.

அப்போதும் அலுவலக நடைமுறை உங்களைக் கைவிடவில்லை என்பது ஆறுதல். ரீனாவின் வீட்டைச் சோதனை போட 18 நாள் ஆயிற்று. போனபோது வீடு காலி, சுவருக்கு வெள்ளையும் அடித்திருந்தார்கள். போர்செல்லினோவின் சிவப்பு நாட்குறிப்பு அவர் பையிலிருந்து மறைந்துபோனது. பொய் அப்ரூவர் ஒருவரை நம்பி, அந்தக் கொலைக்குச் சம்பந்தமில்லாதவர்கள் பல ஆண்டு சிறையில் கிடந்தார்கள்.

பாடம் 9: செத்தபின் தாராளமாக இருங்கள்

பலேர்மோ விமான நிலையத்துக்கு ஃபால்கோனே, போர்செல்லினோ இருவரின் பெயர். ஆண்டுதோறும் மே 23 அன்று அஞ்சலி. முன்வரிசையில் உட்காருங்கள். உயிரோடு இருந்தபோது நாற்காலி மறுக்கப்பட்டவருக்கு விமான நிலையமே கொடுத்தாயிற்று, இன்னும் என்ன வேண்டும்?

கேள்வி: இந்தக் கையேட்டில் ஓட்டை எதுவும் இல்லையா?

பதில்: ஒன்று உண்டு. பலேர்மோவில் ஒதுக்கப்பட்ட ஃபால்கோனே 1991இல் ரோமுக்கு, நீதி அமைச்சகத்துக்குப் போனார். தொல்லை விட்டது என்று பலர் மூச்சு விட்டார்கள். அந்த மேசையில் உட்கார்ந்து அவர் செய்தது, கப்போனெத்தோவின் நான்கு பேர் ஏற்பாட்டை நாடு முழுவதற்குமான அமைப்பாக மாற்றியது. மாவட்டந்தோறும் மாஃபியா வழக்குகளுக்கென்றே தனிப் பிரிவு, அவற்றை இணைக்க ஒரு தேசிய அலுவலகம். அது அவருக்குப் பின்னும் நடக்கிறது. முப்பது ஆண்டு தலைமறைவாக இருந்த மாஃபியா தலைவர் மெஸ்ஸினா தெனாரோவை 2023 ஜனவரியில் பலேர்மோ மருத்துவமனை வாசலில் பிடித்ததும் அந்தப் பிரிவின் வழக்கில்தான்.

ஆகவே நேர்மையான அதிகாரிக்குப் பதவி உயர்வு கொடுங்கள், மாலை போடுங்கள், தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றுங்கள். கோப்பை ஜெராக்ஸ் எடுத்துப் பக்கத்து மேசைக்காரரிடம் கொடுப்பதை மட்டும் எப்பாடு பட்டாவது தடுங்கள். அது நடந்துவிட்டால் இந்தக் கையேட்டால் உபயோகமில்லை. ஒரு நல்ல வக்கீலைப் பாருங்கள்.