ஒலிப்பதிவுக் கூடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

கேள்வி: பாடகிகளுக்குப் பஞ்சமில்லை. பாட்டைப் பதிவு செய்கிற பெண்கள் உண்டா?

பதில்: உண்டு. ஆல்பத்தின் அட்டையில் பொடி எழுத்தில் இருப்பார்கள்.

அமெரிக்காவின் சூசன் ராஜர்ஸ் 1983இல் பாடகர் பிரின்ஸிடம் வேலைக்குச் சேர்ந்தது, ஒலிப்பதிவுக் கருவிகளைப் பழுதுபார்க்க. கழற்றி மாட்டத் தெரிந்தவருக்கு இயக்கவும் தெரியும் என்று பிரின்ஸ் நினைத்தாரோ என்னவோ, ஒலிப்பதிவையும் அவரிடமே விட்டார். பிரின்ஸின் 'பர்ப்பிள் ரெயின்' ஆல்பத்தில் சூசனின் உழைப்பு உண்டு. பிற்பாடு முனைவர் பட்டம் வாங்கி, பாஸ்டனின் பெர்க்லி இசைக் கல்லூரியில் பேராசிரியர் ஆனார்.

ஒலிப்பதிவு நேர்த்திக்கான கிராமி விருதை முதலில் வென்ற பெண் ட்ரினா ஷூமேக்கர். பாடகி ஷெரில் குரோவின் 'தி குளோப் செஷன்ஸ்' ஆல்பத்துக்காக, 1999இல்.

பதிவோடு வேலை முடிந்துவிடாது. மாஸ்டரிங் என்பது கடைசிக் கட்டம். பாட்டுக்குப் பாட்டு சத்தம் ஏறி இறங்காமல், காரிலும் செல்போனிலும் ஹெட்போனிலும் ஒரே மாதிரி கேட்கும்படி இழைப்பது. இசைத்தட்டு என்றால் இன்னொரு தொல்லை: கனத்த தாழ்சுருதி ஒலி இடம் வலமாகச் சிதறினால் ஊசி துள்ளிவிடும், அதை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். சரியாகச் செய்தால் யாருக்கும் தெரியாது; தப்பினால் ஊருக்கே தெரியும். சமையலறை அனுபவம் உள்ளவர்களுக்கு இது புதிதல்ல.

இந்த மாஸ்டரிங் வேலைக்காக நியூயார்க்கில் 1997இல் 'தி லாட்ஜ்' கூடத்தைத் தொடங்கியவர் எமிலி லாசர். பாடகர் பெக்கின் 'கலர்ஸ்' ஆல்பத்துக்காக, ஷூமேக்கர் வென்ற அதே கிராமியை வென்றார். மாஸ்டரிங் பொறியாளராக அதை வென்ற முதல் பெண் அவர்தான். ஆண்டு 2019.