இரும்பிசை ரசிகர் இயல்: கொஸ்லந்தப் படலம்

தமிழ் இலக்கணத்துக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. ஒரு நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், அங்கே என்ன தெய்வம், என்ன சோறு, என்ன மரம் என்று விசாரித்துக்கொண்டே வந்து, என்ன பறை என்றும் கேட்டுவிடும். குறிஞ்சிக்குத் தொண்டகம், முல்லைக்கு ஏறுகோட்பறை, பாலைக்குத் துடி. சத்தமில்லாத நிலத்தை நம் முன்னோர் நிலமாகவே கணக்கெடுக்கவில்லை.

இந்த முறைப்படி கொஸ்லந்தையை எந்தத் திணையில் வைப்பது என்று உட்கார்ந்தவுடனேயே சிக்கல். ஊர் பெரகலைக்கும் வெல்லவாயவுக்கும் நடுவில், ஏ4 வீதி மலையை விட்டுக் கீழே இறங்கும் வழியில் இருக்கிறது. அண்ணாந்து பார்த்தால் குறிஞ்சி. பஸ் ஏறிக் கீழே போனால் வெல்லவாய வெயில், சந்தேகமில்லாத பாலை. இடையில் தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் விழுகிறது. தேயிலையைத் தொல்காப்பியர் குடித்ததில்லை, ஆகவே அவரிடம் கேட்டும் பயனில்லை. வெளியூர்க்காரருக்குக் கொஸ்லந்த என்றவுடன் 2014 ஒக்டோபர் 29, மீரியபெத்த மண்சரிவுதான் நினைவுக்கு வரும். அதை வகைப்படுத்தும் அதிகாரம் இந்த மாதிரி நூலுக்குக் கிடையாது. இங்கே எடுத்துக்கொண்ட பொருள் மிகச் சிறியது: ஹார்ட் ரொக், ஹெவி மெட்டல் என்று உலகம் சொல்லும் இரும்பிசையை ஆயுள் முழுக்க நேசித்துக்கொண்டு, அதை யாரோடாவது பகிர்ந்துகொள்ளத் தவிக்கும் தோட்டத்துச் சனங்களின் வகை தொகை. அகத்திணையில் இவர்களுக்கான இடம் கைக்கிளை. ஒருதலைக் காதல்.

நூல் மரபுப்படி முதலில் பிறப்பு. 1965இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு தகரப் பட்டறையில் வேலை செய்த டோனி அயோமி என்ற 17 வயதுப் பையனின் வலது கையில் இரண்டு விரல் நுனிகளை மெஷின் எடுத்துக்கொண்டது. பையன் இடதுகைக்காரன். எனவே போனவை கிதார்க் கம்பியை அழுத்த வேண்டிய விரல்கள். பிளாஸ்டிக் போத்தலை உருக்கி விரலுக்குக் குல்லா செய்து போட்டுக்கொண்டான். மெல்லிய கம்பிகளைக் கட்டினான். போகப்போகக் கம்பிகளைத் தளர்த்தியும் விட்டான். அவன் வாசித்த பிளாக் சபாத் குழுவின், 1971இல் வந்த மூன்றாவது இசைத்தட்டில் அந்தத் தளர்வு மூன்று அரைச்சுரம் கீழே போய்விட்டது. அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு 1970 பெப்ரவரி 13இல் வந்தபோது பிறந்தது இந்தச் சாதி இசை என்பர்.

தேயிலை ஸ்டோரில் ரோலருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. மெஷின் கை கேட்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் ரோதமுனி என்று ஒரு சாமியையே மெஷினுக்குப் பக்கத்தில் குடிவைத்துக் கும்பிட்டார்கள். பர்மிங்ஹாம்காரருக்கு அப்படியொரு முனி வாய்க்காததால்தான் அவர்கள் பாட்டுக் கட்ட வேண்டிவந்தது என்பது இந்நூலாசிரியர் துணிபு.

இனி வகை.

முதலாவது, கூரையார். இவர்கள்தான் மூத்த குடி. அம்மா குவைத்திலோ சவூதியிலோ வீட்டு வேலை செய்து கொண்டுவந்த இரட்டை ஸ்பீக்கர் கெசட் ரேடியோ இவர்களுடைய கருவி. லயத்துக் காம்பரா 10க்கு 12 அடி. நடுச்சுவர் பல லயங்களில் கூரை வரைக்கும் போகாது. தகரத்துக்குக் கீழே ஒரு முழம் இடைவெளி, அந்த வழியாகப் பக்கத்துக் காம்பராவின் கருவாட்டு வாசம், புருசன் பெண்டாட்டிச் சண்டை, பிள்ளையின் இருமல் எல்லாம் வரும். ஆகவே தொங்கக் காம்பராவில் ஒருவன் பிளே பட்டனை அழுத்தினால் லயம் முழுக்க டீப் பர்ப்பிள் கேட்டாக வேண்டும். பகிர்வதா வேண்டாமா என்ற கேள்விக்கே இடமில்லை. பகிர்வைக் கட்டிக் கொடுத்தவன் வெள்ளைக்காரத் தொரை.

2007இல் இலங்கையின் உச்ச நீதிமன்றம் ஒலிபெருக்கி வழக்கொன்றில், விருப்பமில்லாதவரை வலுக்கட்டாயமாகக் கேட்கவைக்கக் கூடாது என்று கூறி, இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை போட்டது. நல்ல தீர்ப்பு. ஆனால் லயத்துச் சுவரின் உயரத்தைப் பற்றி நீதியரசர்களுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கூரையாரின் அயலவர் மூவகைப்படுவர். இஸ்தோப்பில் நின்று “யார்ரா செத்துப்போனது?” என்று கேட்பவர் ஒரு வகை. நேரே வந்து வயரைப் பிடுங்குபவர் மற்றொரு வகை. மூன்றாம் வகை அரிது. அவர் பெரும்பாலும் கொழுந்தெடுத்து ஓய்ந்த ஆச்சியாக இருப்பார். பல மாதம் திட்டித் தீர்த்தபின் ஒருநாள் சாயந்திரம், “டேய், அந்த அழுகுற பாட்டு ஒன்னு இருக்குமே, அதப் போடுடா” என்பார். அழுகிற பாட்டு என்றால் ஸ்கோர்ப்பியன்ஸ் என்று கொள்க. ஜேர்மனியின் ஹனோவரிலிருந்து வந்த அந்தக் குழு, தங்களுக்கு ஊவாவில் இப்படியொரு ரசிகை உண்டென்று அறியாமலே அரை நூற்றாண்டு பாடிவிட்டது.

இரண்டாவது, ஒற்றைக் காதார். கைத்தொலைபேசி வந்தபின் தோன்றிய வகை. ஒரு இயர்போன், இரண்டு பேர், ஆளுக்கொரு காது, பண்டாரவளை பஸ்ஸின் பின் சீட். பார்ப்பதற்குப் பெரிய சிநேகிதம். உள்ளே நடப்பது வேறு. இந்த இசையில் கிதார்களை இடதுக்கும் வலதுக்கும் பிரித்து வைப்பது வழக்கம். அதிலும் 1978இல் வந்த வான் ஹாலனின் முதல் இசைத்தட்டில் எடி வான் ஹாலனின் கிதார் பெரும்பாலும் இடது பக்கமே ஒலிக்கும். வலது பக்கத்துக்கு அதன் எதிரொலிதான். அதனால் இடது காது வாய்த்தவன் கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டு வர, வலது காது வாய்த்தவன் “இதுல என்னாடா இருக்கு?” என்று ஹப்புத்தளை வரைக்கும் கேட்டுக்கொண்டு வருவான். பல நட்புகளில் ரசனை பிரிந்த காரணம் குணபேதம் என்று நினைத்திருந்தோம். சீட்டில் உட்கார்ந்த பக்கம்தான் காரணம்.

மூன்றாவது, த்ரீவீலார். பின் சீட்டுக்கு அடியில் சப்வூபர் வைத்தவர்கள். இவர்களிடம் பாட்டு போய்ச் சேரும்போது பாட்டு இருக்காது, அடி மட்டும் இருக்கும். பயணியின் நெஞ்செலும்பு கேட்கும், காது கேட்காது. இவர்களைப் பற்றி இவ்வளவு போதும்.

நான்காவது, சட்டையார். பதுளை நடைபாதைக் கடையில் ஐயன் மெய்டன் டீசேர்ட் வாங்கியவர்கள். கேட்டவர் உடுத்துவதில்லை, உடுத்தியவர் கேட்டதில்லை என்பது இவ்வகைக்குப் பொதுவிதி. டெரெக் ரிக்ஸ் வரைந்து 1980இன் முதல் இசைத்தட்டிலிருந்து அந்தக் குழுவோடு வரும் எடி என்ற எலும்பு உருவம் நெஞ்சில் பல்லை இளிக்க, ஒரு பையன் திருவிழாவுக்கு வந்து நின்றான். கோயில் பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். “எந்தத் தோட்டத்து முனிடா இது?” என்றார். கேலி எதுவுமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சரியான கேள்வி, ஏனென்றால் எல்லைச்சாமிக்கு உரிய லட்சணம் எல்லாம் எடிக்கு உண்டு. படையல்தான் பாக்கி.

ஐந்தாவது, சபையார். தோட்டப்புறத்தில் டிரம் செட்டும் மின்கிதாரும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கும் இடம் பெரும்பாலும் ஞாயிறு ஆராதனை நடக்கும் சபைதான். அங்கே மூன்று கோர்ட் கற்றுக்கொண்ட பையன், பாஸ்டர் வரமுன் அம்ப்ளிஃபையரின் திருகை ஒருமுறை வலது கோடிக்குத் திருப்பிப் பார்க்கிறான். அந்த அரை நிமிடம் சாத்தானுடையது என்பது சபையின் கட்சி. தேவன் கொடுத்த திருகு என்பது பையனின் கட்சி. இரண்டையும் கேட்டபின் பையன் பக்கமே சாய்கிறேன்.

ஆறாவது, மீண்டார். கொழும்பில் கடை வேலைக்குப் போய் தீபாவளிக்கு ஊர் திரும்பும் இளைஞர். ஸ்டிக்மாட்டா என்றும், 2001இல் கண்டியில் தொடங்கிய பரனொய்ட் ஏர்த்லிங் என்றும் இலங்கைக் குழுக்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். சிங்களப் பையனும் தமிழ்ப் பையனும் ஒரே வரியை இங்கிலீசில் கத்துவதைப் பார்த்துவிட்டு வந்திருப்பதால் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். மெட்டலில் நம்மாள் யார் என்று மடக்கினால், 1992இல் சிங்கப்பூரில் தொடங்கிய ருத்ராவை எடுத்து வீசுவார்கள். வேதாந்தத்தை உறுமல் குரலில் பாடுகிற, கதிரசன் என்ற தமிழரை முன்னால் நிறுத்தின குழு. மடக்கியவர் வாயடைத்துப் போவார். வேதாந்தத்துக்கா உறுமலுக்கா என்பது தெளிவில்லை.

மீண்டாருக்குள் உட்பிரிவு உண்டு. தஞ்சாவூர்ப் பக்கத்து லாவணியில் காமன் எரிந்தானா எரியவில்லையா என்று எரிந்த கட்சியும் எரியாத கட்சியும் விடிய விடிய மோதுவார்கள். இவர்கள் அதே வழக்கை மெட்டாலிக்காவுக்கு நடத்துகிறார்கள். பேஸ் கிதார் வாசித்த கிளிஃப் பர்ட்டன் 1986இல் சுவீடனில் பஸ் கவிழ்ந்து இறந்தபோதே எரிந்தது என்பார் ஒருசாரார். 1991இன் கறுப்பு அட்டை இசைத்தட்டோடு என்பார் வேறுசிலர். 1996இல் நால்வரும் முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றார்களே, அன்றைக்கு என்பது மூன்றாம் கட்சி. 2011 ஒக்டோபர் 30இல் பெங்களூரில் அவர்கள் வாசித்ததை வீடியோவில் பார்த்தவர்கள் எரியாத கட்சி. டவுன் சலூனில் இந்த வழக்கு நடந்தால், கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு முடி வெட்டுகிறவரும் சேர்ந்துகொள்வார். முடி விசயத்தில் அவர் சொல்வதற்கு மதிப்பு அதிகம்.

வகைகளையெல்லாம் விட்டு இங்கே ஒரு ஆளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் ரசிகர் இல்லை. தப்புக்காரர்.

மாசி மாதம் காமன் கூத்துக்கு முன்னால் அவர் கவ்வாத்து மிலாறைக் குவித்துத் தீ மூட்டி, தப்பைக் காய்ச்சிக்கொண்டிருந்தார். மலைப்பனி தோலில் இறங்கினால் தோல் தளரும், அடி மந்தமாகும். தீயில் வாட்டினால் ஈரம் வற்றித் தோல் இறுகும், ஒலி ஏறும். விரலால் சுண்டிப் பார்ப்பது, திருப்பிப் பிடிப்பது, மறுபடி சுண்டுவது என்று பொறுமையாக நடக்கும் வேலை. பக்கத்தில் குந்தியிருந்த பையன் ஒருவன் தன் இயர்போன் இரண்டையும் அவர் காதில் வைத்து, பிளாக் சபாத்தைப் போட்டுவிட்டான். அவர் பாட்டு முடியும்வரை அசையாமல் கேட்டார்.

“அடிக்கிறவன் கைகாரன்தான். ஆனா பனியில போட்டுட்டான் போலருக்கே தம்பி. காய்ச்சாமயே அடிக்கிறான்.”

“இல்ல தாத்தா, கம்பிய வேணும்னே தளர்த்தி வச்சிருக்காங்க. அப்பதான் கனமா வரும்.”

“வேணும்னேவா?”

“ஆமா தாத்தா.”

“ஏன், அவுங்க ஊர்ல வெறகு இல்லியா?”

இந்த இசையைப் பற்றி இவ்வளவு சுருக்கமான விமர்சனத்தை நான் கேட்டதில்லை. அயோமி தளர்த்திக் கனம் சேர்த்தார், இவர் இறுக்கிக் கூர்மை சேர்க்கிறார். இருவரும் சத்தத்தை நெஞ்சுக்குள் இறக்கத்தான் பாடுபடுகிறார்கள், எதிரெதிர்த் திசையில் நடந்து. காதை வைத்தே அந்தத் தளர்வைக் கண்டுபிடித்தவர் வாழ்நாளில் மின்கிதாரைத் தொட்டதில்லை.

இங்கேதான் ஏழாவது வகை வருகிறது. உலகத்து டிரம்மர் பெயரெல்லாம் ஒப்பிப்பார்கள். இரட்டைப் பெடலின் வேகத்தை விரல்விட்டு விளக்குவார்கள். ஊர்த் தப்பு ஒலித்தால் மட்டும் ரோட்டின் மறுபக்கம் ஏறி நடப்பார்கள், அது இன்ன சாதிக்காரர் அடிப்பது, சாவுக்கு அடிப்பது என்று. தப்புக்காரர் வீட்டுப் பிள்ளைகளே அந்தக் குச்சியைத் தொட மாட்டோம் என்று சொல்வதற்கு இந்த நடைதான் காரணம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. மரண ஓலம் என்று பெயர் வைத்த பாட்டைக் காசு கொடுத்துக் கேட்டுவிட்டு, சாவு வீட்டில் கூலிக்கு அடிப்பவரைத் தீட்டு என்பவருக்கு மட்டும் இந்நூலில் பெயர் வைக்கவில்லை. வைத்தால் உறவுக்காரர் பலர் வந்து சேர்ந்துவிடுவார்கள்.

பாட்டின் வகைக்கும் திணை வகுக்கலாம். டூம் என்னும் இழுவை வகை நெய்தல், இரங்கல் அதன் உரிப்பொருள். திராஷ் தும்பை, நேருக்கு நேர் போர். கோட்டை, வாள், டிராகன் என்று பாடும் பவர் மெட்டல் உழிஞை. 1980களில் முடியை விரித்துப்போட்டு மைதீட்டி ஆடியவர்களைப் பெருந்திணையில் வைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

புறனடை. எந்த நூலுக்கும் அடங்காத ஒன்று மிஞ்சும். வான் ஓட்டுகிற பழைய கூரையார் ஒருவர், தலையில் முடி போய், பிரஷர் குளிசை போட்டுக்கொண்டு, சத்தத்தை ஐந்துக்கு மேல் வைக்காமல் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். தன் மகளுக்கும் இதைக் கொடுத்துவிட வேண்டும் என்று டூம் வகையில் நல்ல பாட்டாகப் பார்த்துப் போட்டுக் காட்டியிருக்கிறார். பிள்ளை கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “ரொம்ப மெதுவா போகுதுப்பா” என்று போனை வாங்கி, வேகத்தை ஒன்றரை மடங்காக்கி வைத்துவிட்டாள். நெய்தல் கண் முன்னாலேயே தும்பையாகிவிட்டது. இப்போது தினமும் பள்ளிக்கூடம் போகும்போது அவள் அப்படித்தான் கேட்கிறாளாம், ஸ்டியரிங்கில் தகப்பனும் தாளம் தவறாமல் தட்டுகிறாராம். இது திணை மயக்கமா, புதுத் திணையா என்று அவர் கேட்டனுப்பியிருக்கிறார். பழைய உரைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். பதில் எழுதவில்லை.