மண்டையோட்டுச் சுங்கச்சாவடி

தலையில் ஈரப் பஞ்சு மின்முனைகளை வைத்து 2 மில்லி ஆம்பியர் வரை மின்னோட்டம் செலுத்தினால் அறிவு கூர்மையாகும் என்கிறார்கள். நடுவில் மண்டையோடு என்றொரு சுங்கச்சாவடி இருப்பதை மட்டும் மறந்துவிடுகிறார்கள். நரம்பியலாளர் புசாக்கி பங்கேற்று, சடலங்களில் அளந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, சுமார் 75 விழுக்காடு மின்னோட்டம் தோலையும் எலும்பையும் தாண்டுவதில்லை. ஆக, முதலில் கூர்மையடைவது உச்சந்தலைதான்.

மிஞ்சும் சில்லறையே போதும், நரம்பணுவை லேசாகத் தயார்படுத்துவதுதான் நோக்கம் என்று பதில் வரும். நியாயம்தான்; 2000இல் கோட்டிங்கனில் ஆய்வாளர்கள் நிட்ஷேவும் பவுலஸும் 1 மில்லி ஆம்பியரிலேயே மூளையின் இயக்கப் புறணியின் தூண்டப்படுதன்மை மாறுவதைக் கைத்தசைத் துடிப்பின் வழியே காட்டினார்கள். ஆனால், கைத்தசைத் துடிப்பிலிருந்து கணக்குப் பாடத்தில் நூறு மதிப்பெண்ணுக்குத் தாவுவது விளம்பரக்காரரின் தர்க்கம். ஒப்பீட்டுக்காகக் கருவியைச் சில நொடிகளில் அணைத்துவிடும் போலிச் சிகிச்சையிலும் தோல் அரிக்கிறது, நம்பிக்கையும் பிறக்கிறது. மின்சாரத்தைக் கூட்டலாமே என்றால், வலியும் தோல் புண்ணும்தான் முதலில் கூடும். உருப்படியான மேம்பாடு வேறு திசையில் இருக்கிறது: இரு உயர் அதிர்வெண் மின்புலங்களைக் குறுக்கிடச் செய்து, அவற்றின் அதிர்வெண் வேறுபாட்டால் மூளையின் ஆழத்தைத் தூண்டும் முறை. 2017இல் அதை எலிகளிடம் காட்டினார்கள். அதற்குள் மனிதருக்குக் கருவி விற்பவர்கள், எலிகளைவிட அவசரக்காரர்கள்.