‘பஞ்சு போச்சு சார்’ என்னும் நூற்பாவுக்கு ஓர் உரை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் ஒரு பௌர்ணமி இரவு, அன்னதானப் பந்தலுக்கு வெளிச்சம் தந்துகொண்டிருந்த ஜெனரேட்டரின் கதவைத் திறந்து பார்த்த மெக்கானிக் அருளிச்செய்தது இந்நூற்பா. ஜெனரேட்டர் ஒரு குட்டியானை வண்டியின் முதுகில் இருந்தது. சாம்பார் வாளியோடு பக்கத்தில் நின்ற எனக்கு முதல் இரண்டு முறை காதில் விழவில்லை. மூன்றாம் முறை அவர் கத்தியதையே மூலபாடமாகக் கொண்டேன். ‘பஞ்சு பூடுச்சி சார்’ என்பது வட ஆர்க்காட்டுப் பாடபேதம்.

பஞ்சு என்றது ஈண்டுப் பருத்தியை அன்று. கூண்டின் உட்சுவரில் ஒட்டியிருக்கும் பாலியூரித்தேன் ஃபோமை. இரும்புக் கூண்டே போதாதோ எனின், போதாது. இரும்பு சத்தத்தைத் திருப்பி அடிக்கும். அடிபட்ட சத்தம் கதவிடுக்கிலும் காற்றுத் துளையிலும் வழி தேடி வெளியே வந்து, பந்தியில் உட்கார்ந்தவர் ‘ரசம்’ என்றால் பரிமாறுபவர் காதில் ‘பாயசம்’ என்று விழச் செய்யும். பஞ்சோ வந்த சத்தத்தைத் தன் நுண்துளைகளுக்குள் வாங்கி, உரசவிட்டு, இம்மியளவு சூடாக்கித் தீர்த்துவிடும். கேட்டதைத் திருப்பிச் சொல்லாத இக்குணத்துக்கு, 1896 செப்டம்பர் 1 அன்று வந்திறங்கிப் பேசாமலே உட்கார்ந்துவிட்ட ரமணரின் ஊரில் உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை.

சட்டமும் இக்கருத்துடையதே. 2005 ஜனவரி 1 முதல் தயாரான, 1000 கே.வி.ஏ. வரையிலான டீசல் ஜெனரேட்டர், கூண்டிலிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலைத் தாண்டக் கூடாது. பத்து டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்கு. காதுக்கு ஏறக்குறைய இரட்டிப்பாகக் கேட்கும். அதே 2005 மே மாதம்தான் குட்டியானையும் சந்தைக்கு வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை, ஆனால் ஆய்வேட்டில் இப்படி ஒரு வரி இருப்பது மரபு.

போச்சு என்பது இறந்தகால வினைமுற்று. எப்படிப் போயிற்று எனின், சூட்டாலும் எண்ணெய்ப் புகையாலும். தொட்டால் மாவாக உதிரும். தொங்கிய துண்டு காற்று வரும் வழியை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். டீசல் குடித்த துண்டில் பொறி பட்டால் தீபம் மலையுச்சியில் மட்டும் எரியாது.

மாற்று என்ன என்பதில் பந்தலுக்குள்ளேயே மூன்று மதங்கள் கிளம்பின. தெர்மோகோல்வாதிகளை முதலில் மறுக்கிறோம்: அதன் அறைகள் மூடியவை, சத்தம் நுழைய வாசலில்லை. முட்டை அட்டைவாதிகள் வடிவத்தைக் கண்டு மயங்கியவர்கள். ஸ்டூடியோச் சுவரைப் போலிருக்கிறது என்பதற்கு மேல் அவர்களிடம் பிரமாணம் இல்லை. அரிசிச் சாக்கைத் திணிக்கலாம் என்றவர் தீயணைப்பு வண்டிக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டி வைக்கட்டும்.

சித்தாந்தம் இது. பழையதைச் சுரண்டு. தகட்டைத் தின்னரால் துடை. தகட்டிலும் புதுப் பஞ்சிலும் ரப்பர் பசை தடவி, விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் பதம் வரும்வரை பொறு, பிறகு அழுத்து. தீப்பிடிக்காத ரகமாகக் கேட்டு வாங்கு. சைலன்சர் பக்கம் மட்டும் பஞ்சு ஆகாது. துளைத் தகட்டுக்குப் பின்னால் ராக்வூல் வை. கதவு ரப்பர் கிழிந்திருந்தால் இத்தனையும் வீண். ‘பொறு’ என்ற இடத்தில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள், நானும் தோற்றேன். மறுநாள் காலையில் இரண்டு ஷீட் கீழே படுத்திருந்தன.

சார் என்பது விளி. செலவுத் தொகைக்கு முன்னால் மட்டும் வரும்.

கிரிவலப் பாதையில் அன்னதானத்துக்கு அரிசி கொடுக்க ஆள் இருக்கிறது, வாழையிலை கொடுக்க ஆள் இருக்கிறது. பஞ்சு உபயம் இன்னும் காலியாக இருக்கிறது. புண்ணியவான்கள் முன்வர வேண்டும். ஒரே ஒரு விண்ணப்பம்: டியூப்லைட்டில் எழுதுவது போலப் பஞ்சின் மேல் ‘உபயம்’ என்று குடும்பத்தார் பெயரையெல்லாம் பெயிண்டில் எழுதிவிடாதீர்கள். துளை அடைத்துக்கொள்ளும்.