நாலு குழிக்காரர்

புதுச்சேரி கதிர்காமத்தில் வழுதாவூர் சாலையை ஒட்டி நாலு குழி காலி மனை வைத்திருப்பவருக்கு ராத்திரி தூக்கம் வராது. 2010-ல் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி வந்தது. அன்றிலிருந்து ரோட்டோரம் நிற்கிற பைக்கெல்லாம் தன் மனையில் நிற்க வேண்டியவை என்ற ஏக்கம். "கடை கட்டி விட்டா குடியிருக்கிறவன் காலி பண்ண மாட்டான். வண்டி சாயங்காலம் தானா காலி பண்ணிடும்" என்பது அவர் கண்டுபிடித்த பொருளாதாரம்.

கணக்கில் புலி. குழிக்கு 576 சதுர அடி. நாலு குழி 2,304. காருக்கு இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம். கிட்டத்தட்ட 135 சதுர அடி. வகுத்தால் 17 கார். டைரியில் அதன் கீழ் இரண்டு கோடு. "உள்ள போன கார் எப்படி மாமா வெளிய வரும்?" என்று மருமகன் கேட்டால், "ஆரம்பத்திலேயே அபசகுனமா பேசாதே!" நகரமைப்புக்காரர்கள் வழியும் சேர்த்துத் திறந்தவெளியில் காருக்கு 23 சதுர மீட்டர் வைப்பார்கள். அந்தக் கணக்கில் 9. மிச்ச 8 காரும் டைரியில்தான் நிற்க வேண்டும்.

அனுமதி கேட்டு உழவர்கரை நகராட்சிக்குப் போகும் முன்பே போர்டு வந்துவிடும்: 'வண்டி தொலைந்தால் நிர்வாகம் பொறுப்பல்ல.' நிர்வாகம் என்பது அவரும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும். 1998-ல் டெல்லி நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் ஊழியரிடம் சாவி கொடுத்து விட்ட மாருதி ஜென் திருடு போனது. டோக்கனில் அப்படி அச்சடித்துவிட்டு அஜாக்கிரதையாக இருந்தால் தப்ப முடியாது என்று 2019-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இதை எடுத்துச் சொன்னால், "அது டெல்லி. நம்மளுது பிரெஞ்சு சட்டம்பா" என்பார். பிரெஞ்சுக்காரன் 1954-லேயே நிர்வாகத்தை ஒப்படைத்துவிட்டுப் போனது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை.

தொழில் படுப்பது வேறு இடத்தில். டோக்கனைக் கிழித்துப் பாதியை பிரேக் ஒயரில் செருகும்போதே, "இன்னா மாமா, எங்கிட்டயேவா?" என்று ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வரும். ஒருத்தன் பங்காளி மகன், ஒருத்தன் கூடப் படித்தவன் தம்பி. ஃபிளாஸ்க்கும் பிரெட்டுமாக வருகிறவனிடம், "தங்கச்சிக்குப் பிரசவமா? ஆணா, பொண்ணா?" என்று இவரே விசாரித்துவிடுவார். விசாரித்த வாயால் பத்து ரூபாய் கேட்க முடியுமா?

இத்தனைக்கும் அவருடைய ஸ்கூட்டர் நிற்பது ரோட்டில், நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே. உள்ளே விட்டால் ஒரு டோக்கன் நஷ்டமாம்.

அந்தப் பக்கம் போனால் வண்டியை அவரிடமே விடுங்கள். நல்ல மனுஷன், பத்திரமாகப் பார்த்துக்கொள்வார். தெரிந்தவர் என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.