விழுப்புரத்துக் குக்கரும் பேக்டு பாஸ்தாவும்: ஓர் ஆராய்ச்சி

பிள்ளைகள் ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கேட்கும் பேக்டு பாஸ்தா விழுப்புரத்துக்கு எவ்வழி வந்தது என்பதில் இரு கட்சி உண்டு. புதுச்சேரிக் கட்சியார் 1879-ல் திறந்த ரயில்பாதையைக் காட்டி, பேக்கரி வாசனை அவ்வழியே வந்தது என்பர். சென்னைக் கட்சியார் திருச்சி நெடுஞ்சாலையைக் காட்டுவர். சாலை பிரியும் இடத்தில் இருக்கும் திண்டிவனத்தார் இருவருக்கும் தலையாட்டுவர். அவர்களுக்கு இரண்டு பக்கத்து பஸ்ஸும் வேண்டும். பாட்டியர் கட்சி தனி. “ரவையில செஞ்சதுதானே? உப்புமாவா கிண்டியிருந்தா இந்நேரம் பாத்திரமே கழுவியிருக்கலாம்” என்பது அவர்தம் கூற்று. பாஸ்தா டியூரம் கோதுமை ரவையில் ஆவது உண்மையாதலின், மறுப்பு எழவில்லை.

இனிச் செய்முறை. பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்பே வடிக்க. என்னை? மீதி வேக்காடு தக்காளி சாஸில் நடத்தலின். சாஸ் சற்று நீர்த்தே இருக்கட்டும், பாஸ்தா குடித்துவிடும். வெந்த கேரட்டை அரைத்து அதில் கலப்பது ‘மறைப்பு’ எனப்படும். நிறம் ஒத்துப்போவதால் கேரட் தப்பும். கீரை தப்பாது. பச்சையாய் ஒரு துணுக்குக் கண்டாலும் ஆறு வயது நடுவர் தட்டைத் தள்ளிவிடுவார், மேல்முறையீடு கிடையாது.

பெருஞ்சிக்கல் அவன். அது இல்லாத வீட்டில் கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிய குக்கரில் கல்லுப்பைப் பரப்பி, ஸ்டாண்டு வைத்து, பாஸ்தாவும் மேலே சீஸும் நிரப்பிய பாத்திரத்தை இறக்குவர். சூடு கீழிருந்தே ஏறுவதால் சீஸ் உருகுமேயன்றிச் சிவக்காது. பிரியாணிக்குத் தம் போடுவோர் மூடிமேல் தணல் கொட்டும் காரணமும் இதுவே. கேஸ் அடுப்புக்காரர் தணலுக்கு எங்கே போவார்?

இங்கேதான் திண்டிவனம் கைகொடுக்கிறது. அவ்வூர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையத்து நிலக்கடலை ரகங்கள் டி.எம்.வி. என்று ஊர்ப்பெயரையே தாங்குவன, டி.எம்.வி. 2 வெளிவந்தது 1940-ல். மேலே சிவக்காது என்றால், முன்பே சிவந்ததைத் தூவினால் என்ன? வறுத்துத் தோல் புடைத்த கடலையைக் கொரகொரப்பாய்ப் பொடித்து, இறக்கியதும் சீஸ்மேல் தூவக் கடிக்கும்போது மொறுமொறுக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு ரஸ்க் தூள்.

குக்கர் முறைக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. அவனில் வைக்கும் சதுரத் தட்டுக்கு மூலை நான்கே. மே மாத லீவுக்கு வந்த பிள்ளைகள் ஐவர் எனில் அடிதடி நிச்சயம். குக்கர்ப் பாத்திரமோ வட்டம், மூலையே இல்லை. அடியில் ஒட்டிய சுரண்டல் யாருக்கு என்ற வழக்கு மட்டும் இன்னும் நிலுவையில் உள்ளது.