வீட்டுக்காரரோடு பார்க்கலாமா?

பிள்ளைகளோடு எந்தப் படத்தைப் பார்க்கலாம் என்பதற்கு நம் மலேசியாவில் ஓர் அரசாங்க வாரியமே இருக்கிறது. உள்துறை அமைச்சின் கீழ் இயங்கும் திரைப்படத் தணிக்கை வாரியம், 2002-ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படத்தின் நெற்றியிலும் ஒரு முத்திரை குத்தி அனுப்புகிறது. யு, பி12, 13, 16, 18. யு என்றால் பாட்டி முதல் பேத்தி வரை பார்க்கலாம். பி12 என்றால் பன்னிரண்டு வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்குப் பெரியவர்கள் துணை வேண்டும். மற்ற மூன்றும் அந்தந்த வயது வந்தவர்களுக்கு.

என்னைக் கேட்டால் பழைய முறைதான் மேல். அப்போதெல்லாம் மொட்டையாக 18 என்று போட மாட்டார்கள். என்ன குற்றத்துக்காக 18 என்பதையும் சேர்த்தே போடுவார்கள். 18எஸ்ஜி என்றால் பேய், அடிதடி. 18பிஏ என்றால் அரசியல், சமயம். 18பிஎல் பலசரக்கு. 18எஸ்எக்ஸ் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை; எங்கள் அண்ணன்மார் சுவரொட்டியில் கதாநாயகன் பெயருக்கும் முன்னால் தேடிய எழுத்துகள் அவை. பெற்றோரை எச்சரிக்கப் போட்டது பையன்களுக்கு விளம்பரமாகிவிட்டதே என்று நினைத்தார்களோ என்னவோ, 2012-இல் எல்லாவற்றையும் ஒரே 18-க்குள் போட்டு மூடிவிட்டார்கள்.

வாரியத்தின் பொறுப்புணர்ச்சியில் எனக்குக் குறையில்லை. 2016-இல் 'கபாலி' வந்தபோது தமிழ்நாட்டு ரசிகர்கள் கடைசித் துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, ஆள் இருக்கிறாரா போய்விட்டாரா என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வந்தார்கள். நமக்கு அந்தத் தொல்லையே இல்லை. கபாலி போலீசில் சரணடைந்துவிட்டார் என்று திரையில் எழுதிக் காட்டி, நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பி வைத்தார்கள். சூப்பர் ஸ்டாரையே உள்ளே தள்ளிய வாரியம்! ஆனால், ஒரு புருஷனும் பெண்சாதியும் எதிரெதிரே உட்கார்ந்து உண்மையைப் பேசிக்கொள்ளும் படத்துக்கு என்ன முத்திரை குத்துவது என்று அவர்களுக்கும் தெரியாது.

நான் சொல்வது 'இறுகப்பற்று'. யுவராஜ் தயாளன் இயக்கி 2023 அக்டோபரில் வந்த படம். அடுத்த மாதமே நெட்ஃபிலிக்ஸுக்கும் வந்துவிட்டது. வாரியத்தின் கத்தரிக்கோல் அதுவரை நீளாது என்பதால், எங்கள் வீட்டில் நான்தான் வாரியம். படம் போடுமுன் விசாரிப்பது என் வழக்கம். புலனக் குழுவில் கேட்டால் ஆளுக்கொரு நட்சத்திரம் போடுவார்கள். அதில் ஒன்றும் தெரியாது. பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில் நான் வழக்கமாகப் பூ வாங்கும் அக்காவிடம் கேட்டேன். அவர் தீர்ப்பு சொன்னால் மேல்முறையீடு கிடையாது.

"அசிங்கம் ஒண்ணும் இல்ல தங்கச்சி. பிள்ளைங்களோட தாராளமா பாரு." சரத்தை முழம் போட்டுக்கொண்டே ஒரு நொடி யோசித்தார். "வீட்டுக்காரரோட மட்டும் பார்க்காத."

இதற்குப் பிறகு யார்தான் பார்க்காமல் இருப்பார்கள்?

சனிக்கிழமை இரவு கிள்ளான் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்தோம். ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகன், சண்டைக் காட்சி இல்லை என்று உறுதிப்படுத்திக்கொண்டு உடனே எழுந்து போய்விட்டான். படிவம் மூன்று படிக்கும் மகள் தலையணையைக் கட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். அத்தை நாற்காலியில். என் வீட்டுக்காரர் முறுக்கு டின்னோடும் ரிமோட்டோடும் நடுவில்.

ரிமோட் அவர் கையில் இருப்பதற்குப் பரம்பரைக் காரணம் உண்டு. வீடியோ கேசட் காலத்தில், திரையில் இரண்டு முகங்கள் நெருங்கினால் என் மாமனாருக்கு இருமல் வந்துவிடுமாம். இவர் கொஞ்சம் நவீனம்; இருமுவதில்லை. "ஆமா, கரண்ட் பில் கட்டியாச்சா?" என்று சத்தமாகக் கேட்பார். எங்கள் வீட்டில் கரண்ட் பில் ஒரு நாளும் தாமதமானதில்லை.

அன்றைக்குப் பாவம், பில்லைப் பற்றிக் கேட்கவே வாய்ப்பில்லை. படத்தில் மூன்று ஜோடிகள். ஊரார் சண்டையையெல்லாம் தீர்த்து வைக்கும் ஆலோசகி ஷ்ரத்தா ஸ்ரீநாத். தன் கணவர் விக்ரம் பிரபுவோடு சண்டையே வராமல் பார்த்துக்கொள்கிறார், அதுவே சிக்கலாகிறது. இன்னொரு வீட்டில் விதார்த்துக்கு விவாகரத்து வேண்டும். காரணம்? பிள்ளை பெற்ற மனைவி அபர்ணதி குண்டாகிவிட்டாராம். அந்த இடத்தில் என் வீட்டுக்காரர் கையில் பாதி முறுக்கு இருந்தது. அதை மெல்லவும் முடியாமல், வைக்கவும் முடியாமல், திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவும் துணியாமல் இருந்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை. டின்னை என் பக்கம் இழுத்து, ஒரு முழு முறுக்கை எடுத்து நிதானமாகக் கடித்தேன். 'நீ முன்னெல்லாம் எப்படி இருந்தே தெரியுமா' என்று தைப்பூசத்தன்று பத்துமலைப் படியில் எனக்கு மூச்சு வாங்கியபோது அவர் சொன்னதை நான் மறக்கவில்லை என்பது அவருக்கும் தெரியும்.

மூன்றாவது ஜோடி ஸ்ரீயும் சானியா ஐயப்பனும். மனைவி வாயைத் திறந்தாலே மட்டம் தட்டுவது ஸ்ரீயின் வேலை. அடுத்தவன் மாட்டிக்கொண்டான் என்ற தெம்பில் என் வீட்டுக்காரர், "என்ன மனுஷன் இவன்!" என்றார். மகள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "இவன் எத்தனை தடவ திட்டுறான்னு எண்ணிக்கிட்டு வர்றேன்ப்பா. உங்களுத நாளையிலேர்ந்து தனியா எண்ணணும்."

வயதுவாரியாக எடுத்துப் பாருங்கள். பன்னிரண்டுக்குக் கீழே இருந்தவனுக்குச் சேதமில்லை. பதினைந்துக்குக் கணக்குப் பாடம். பாதிக்கப்பட்டது ஐம்பது.

அத்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. "இதெல்லாம் ஒரு சிக்கலா?" என்றார். அவர் 1975-இல் பாலசந்தரின் 'அபூர்வ ராகங்கள்' பார்த்தவர். தன்னைவிட மூத்த பாடகியை ஒருத்தன் காதலிக்க, அவன் அப்பாவை அந்தப் பாடகியின் மகள் கட்டிக்கொள்ள நினைக்கும் கதையைக் குடும்பத்தோடு, கச்சான் கொறித்துக்கொண்டு பார்த்த தலைமுறை. முறை என்ன, யார் யாருக்கு என்ன வேண்டும் என்று வீடு வரும்வரை போட்ட கணக்கில் வெட்கப்பட யாருக்கும் நேரம் இருந்திருக்காது. பாலசந்தர் படத்துக்குக் கூசாத குடும்பம் விதார்த்துக்குக் கூசுகிறதென்றால், இந்தப் படத்தில் அவ்வளவு பெரிய விபரீதம் எதுவுமில்லை என்பதுதான் காரணம். அது நம் வரவேற்பறையில், நம் குரலிலேயே நடக்கிறது.

ஆகவே பழைய எழுத்துகளைத் திரும்பக் கொண்டுவரும் எண்ணம் வாரியத்துக்கு இருந்தால், '45கே' என்று ஒன்றைச் சேர்க்கலாம். நாற்பத்தைந்து கடந்த கணவர்கள், மனைவியின் துணையில்லாமல் பார்க்க வேண்டிய படம். அது வரும்வரை என் வழிகாட்டுதல் இவ்வளவுதான். வீட்டில் பார்க்காதீர்கள். வீட்டில் பார்த்தால் நடுவில் நிறுத்தலாம். தண்ணீர் குடிக்கப் போனவர் சும்மா திரும்பி வர மாட்டார், ஒரு வாதத்தோடு வருவார். திரையரங்கு இருட்டில் யார் முகமும் யாருக்கும் தெரியாது, அது பெரிய பாதுகாப்பு. ஆனால் கோலாலம்பூரில் பார்த்துவிட்டுக் காரில் மட்டும் திரும்பாதீர்கள். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில், கதவைத் திறந்து இறங்கவும் முடியாத இடத்தில், "நீ என்ன நினைக்கிறே?" என்று ஒருவர் கேட்டுவிட்டால் போச்சு.

கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடியுங்கள். நாலு பேர் இருக்கும் இடத்தில் யாரும் குரலை உயர்த்த மாட்டார்கள். அதோடு, 2010-லிருந்து அதில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி இருக்கிறது. போன மாதம் இப்படி ஒரு படம் பார்த்துவிட்டு நானும் அத்தையும் மகளும் அதில் ஏறிக்கொண்டோம். அப்பனும் மகனும் அடுத்த பெட்டியில். சுபாங் ஜெயா வருவதற்குள் கதாநாயகனை மூவரும் கிழித்துத் தொங்கவிட்டோம். ஷா ஆலாமில் அத்தை தன் மறைந்த கணவரைப் பற்றி ஆரம்பித்தார். பாடாங் ஜாவா தாண்டும்போது பக்கத்தில் இருந்த மலாய்க்கார அம்மாவும் என்ன விஷயம் என்று கேட்டுச் சேர்ந்துகொண்டார், அவருக்கும் வீட்டில் ஒருவர் இருக்கிறாராம்.